கடல்மீன் தொட்டியில் உப்பை அளக்க எதை வாங்குவது, எப்படிச் சரிபார்ப்பது?

பவளமும் கடல்மீனும் வளர்க்கும் தொட்டியில் உப்பு ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டும். ஒரு கிலோ தண்ணீரில் 35 கிராம். ஒப்படர்த்தியில், அதாவது அதே கனவளவு நல்ல தண்ணீரின் எடையோடு ஒப்பிட்டுச் சொன்னால், 25 பாகை செல்சியஸில் 1.0264. மட்டக்களப்புக் கல்லடியில் கடல்நீர் அள்ளி வந்து ஊற்றுபவர்களுக்கும் அளவுகருவி வேண்டும். மாரியில் வாவித் தண்ணீர் முகத்துவாரத்தால் இறங்கும் நாட்களில் கரையோரத் தண்ணீரில் உப்பு குறைந்துவிடும். 30க்கும் 35க்கும் உள்ள வித்தியாசத்தை நாக்கு சொல்லாது.

முதலில், வாங்கக்கூடாதது. கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருப்பதைப் பார்க்க விற்கும் டிடிஎஸ் பேனாக்களில் பெரும்பாலானவை பத்து இலட்சத்துக்கு 10,000ஐ எட்டமுன்னரே நின்றுவிடும். கடல்நீர் அதே கணக்கில் 35,000. மலிவு என்று வாங்கினால் காசு வீண்.

ஒப்படர்த்தியைக் காட்டும் கருவி ஹைட்ரோமீட்டர். அதில் முள் ஆடும் பிளாஸ்டிக் வகை அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். முள்ளில் ஒரு காற்றுக்குமிழ் ஒட்டினாலே உப்பு கூடியதாகக் காட்டும். தண்ணீரை மெதுவாக ஊற்றி, தட்டிக் குமிழை விலக்கிவிட்டு வாசியுங்கள்.

மிதக்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் நல்ல சாமான். ஆனால் எத்தனை பாகைக்குச் செய்தது என்று அதன் தாளில் பாருங்கள். எங்கள் பக்கத்தில் குளிரூட்டாத தொட்டி சாதாரணமாக 30 பாகையில் நிற்கும். 25 பாகைக்குச் செய்த கருவியை அதில் விட்டால், 35 உள்ள தண்ணீர் 1.0264க்குப் பதிலாக 1.0248 அளவில் காட்டும். அதைப் பார்த்து உப்புப் போட்டால் தொட்டி 37க்கு ஏறிவிடும்.

என் தெரிவு, தண்ணீர் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் கொண்டு உப்பைக் காட்டும், கண்ணில் வைத்துப் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர். வெப்ப ஈடுசெய்தல் (வெப்பம் மாறினாலும் அளவைத் தானே திருத்துவது) உள்ளதாக வாங்குங்கள். இரண்டு சொட்டுப் போதும், பற்றரியும் தேவையில்லை.

இடறும் இடம்: சரிபார்த்தல்

பெட்டியோடு வரும் தாள், நல்ல தண்ணீர் விட்டுப் பூச்சியத்துக்குத் திருகச் சொல்லும். அது போதாது. பூச்சியத்தில் சரியாக நிற்கும் கருவி 35இல் இரண்டு மூன்று தள்ளிக் காட்டலாம். இன்னொன்று, விற்பனையில் உள்ள பல கருவிகள் கறியுப்புக் கரைசலுக்கு அளவிட்டவை, கடல்நீருக்கு அல்ல. அவற்றில் 35 உள்ள கடல்நீர் 36.5 என்று தெரியும். ஆகவே, அளக்கப்போகும் இடத்திலேயே, அதாவது 35இலேயே, சரிபார்க்க வேண்டும்.

அதற்கான கரைசலை வீட்டிலேயே செய்யலாம். தூள் உப்பைத் தாச்சியில் வறுத்து ஈரம் போக்கி ஆறவிடுங்கள். எங்கள் கடற்கரைக் காற்றில் உப்பு எப்போதும் கொஞ்சம் கசிந்தே இருக்கும். ஈரத்தோடு நிறுத்தால் கணக்குப் பிழைக்கும். நகை நிறுக்கும் சின்னத் தராசில் 18.25 கிராம் உப்பு, அதோடு 481.75 கிராம் வடித்த தண்ணீர். தண்ணீரையும் நிறுத்தே எடுங்கள், கோப்பையால் அளக்க வேண்டாம். பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் ஆகும். பற்றரி அசிட்டை மாறி வாங்கிவிடாதீர்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, அதிலேயே உப்பு இருக்கும். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 உள்ள கடல்நீர் போலவே ஒளியை வளைக்கும். ஹைட்ரோமீட்டருக்கு இதே கரைசல் பொருந்தாது.

1. கரைசல் போத்தல், தொட்டித் தண்ணீர், கருவி மூன்றையும் ஒரே அறையில் அரை மணி நேரம் வையுங்கள்.
2. கருவியின் கண்ணாடியில் கரைசலை இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழ் இல்லாமல் மூடியை மூடுங்கள்.
3. முப்பது விநாடி பொறுத்து, யன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நிற்கும்வரை திருகைத் திருப்புங்கள்.
4. துடைத்துவிட்டு உடனே தொட்டித் தண்ணீரை வாசியுங்கள்.

இப்படிச் சரிசெய்தபின் நல்ல தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே நின்றால் அதைத் தொடாதீர்கள்.

வெப்ப ஈடுசெய்தல் பெரும்பாலும் 10 முதல் 30 பாகை வரைதான் வேலை செய்யும். மத்தியானத்தில் எங்கள் அறைகள் அதைத் தாண்டிவிடும். காலையில் அளப்பதே நல்லது.

பிற்சேர்க்கை: ஒரே தண்ணீர், ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே காட்டுகிறது என்று பலர் கேட்டார்கள். மின்விசிறிக்குக் கீழே நின்று பார்த்தால் சொட்டு ஆவியாகி உப்பு செறிந்துவிடும். கச்சான் காற்று வீசும் நாட்களில் தொட்டிக்கும் இதே கதிதான். தண்ணீர் மட்டுமே ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த மட்டத்தை நல்ல தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள், கடல்நீரால் அல்ல. மட்டம் குறையாமலே 100 லீற்றர் தொட்டி 38 காட்டினால், 8 லீற்றரை எடுத்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் விட வேண்டும். அதை மூன்று நாளாகப் பிரித்து விடுங்கள்.