பெண்கள் பெயரில் தொழில் பதிவு: குமரி மாவட்டத்தில் எத்தனை நாள் ஆகும்?

உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவுக்கு அரை மணி நேரம் போதும். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு ஒரு வாரம். ஜிஎஸ்டி தேவைப்பட்டால் ஏழு வேலை நாள். காகிதங்கள் சரியாக இருந்தால், நேந்திரம் சிப்ஸ் போடும் ஒரு பெண் இந்த மூன்றையும் பதினைந்து நாளுக்குள் முடித்துவிடலாம். பெண் என்பதற்காகச் சட்டத்தில் கூடுதல் படி ஏதும் இல்லை. கணவரின் சம்மதம் வேண்டும் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இருந்தும் மாதக்கணக்கில் இழுக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் பெயர், போன், வீடு இந்த மூன்றில் ஒன்றுதான். விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே இவற்றைச் சரிசெய்துவிடுங்கள்.

முதலில் போன். ஆதாரோடு இணைந்திருப்பது யாருடைய எண் என்று பாருங்கள். நம் ஊரில் பல வீடுகளில் அது வளைகுடாவில் இருக்கும் கணவருடையது, அல்லது தங்கல் தொழிலுக்கு, அதாவது பல நாள் தங்கி மீன்பிடிக்க, கடலுக்குப் போனவருடையது. ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். ஆதார் மையத்தில் விரல் ரேகை வைத்து உங்கள் எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு ஆவணம் எதுவும் வேண்டாம். கட்டணம் 75 ரூபாய். மற்றதெல்லாம் இதன் பிறகுதான்.

அடுத்து பெயர். கல்யாணத்துக்கு முன் எடுத்த பான் கார்டில் அப்பா பெயர் சேர்ந்திருக்கும், பிறகு திருத்திய ஆதாரில் கணவர் பெயர் ஏறியிருக்கும், பாஸ்புக்கில் வெறும் இனிஷியல் இருக்கும். ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவதால் சரிபார்ப்பில் தட்டிவிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதனால் ஆதார் சரியாக இருந்தால் அதைத் தொடாமல் பானைத் திருத்துங்கள். இரண்டு வாரம் ஆகலாம். பானில் தந்தை பெயருக்கான இடத்தில் தந்தை பெயர்தான் இருக்க வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டது என்று அங்கே கணவர் பெயரைப் போட அலைய வேண்டாம். இதுவரை பானே எடுக்காதவர்கள் வருமான வரித் துறை தளத்தில் ஆதார் ஓடிபி மூலம் இலவசமாக உடனடி இ-பான் எடுக்கலாம்.

வீடு மாமனார் பெயரில் இருந்தால், கட்டட உரிமையாளர் என்ற முறையில் அவரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள். அதோடு வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் வேண்டும். பில் இறந்துபோன தாத்தா பெயரிலேயே வந்துகொண்டிருந்தால் முதலில் மின்வாரியத்தில் பெயர் மாற்றுங்கள். ரசீதில் பழைய கதவு எண், கடிதத்தில் புதிய எண் என்று இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும்.

இனி பதிவுகள். உத்யம் முழுக்க இலவசம், புதுப்பிக்கவும் தேவையில்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. இங்கே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள்: உங்கள் ஆதார், உங்கள் பான் கொண்டே பதியுங்கள். அவசரத்துக்குக் கணவர் ஆதாரில் பதிந்தால் அந்தத் தொழில் காகிதத்தில் அவருடையது. உழைப்பு உங்களுடையதாக இருந்தாலும், பெண் தொழில்முனைவோருக்கான மானியத்தை அந்தச் சான்றிதழைக் காட்டிக் கேட்க முடியாது.

உணவுப் பதிவுக்கான விற்பனை வரம்பையும் கட்டணத்தையும் விண்ணப்பிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்த ஏழு நாளுக்குள் பதிவு தரவேண்டும், மறுக்கவேண்டும், அல்லது ஆய்வுக்கு நோட்டீஸ் தரவேண்டும். ஆய்வு என்றால் 30 நாள் வரை போகலாம். சிப்ஸ் போடுகிறவர் தன்னை வெறும் விற்பனையாளர் என்று குறித்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. தயாரிப்பாளர் என்றே குறியுங்கள்.

பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி தேவையில்லை, சேவைக்கு 20 லட்சம். ஆனால் குமரி மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தின் பாறசாலையில் ஒரு கடைக்குச் சிப்ஸ் போட்டாலும் அது வெளிமாநில விற்பனை. வரிக்கு உட்பட்ட பொருள் என்றால் அங்கே இந்த 40 லட்ச விலக்கு கிடையாது, முதல் விற்பனைக்கே ஜிஎஸ்டி பதிவு வேண்டும் (கைவினைப் பொருட்களுக்கு மட்டும் சலுகை உண்டு). மார்த்தாண்டம் சந்தையோடு நிற்கப்போகிறீர்களா, திருவனந்தபுரம் வரை அனுப்பப்போகிறீர்களா என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள்.

ஜிஎஸ்டியில் ஆதார் சரிபார்ப்பை விட்டுவிட்டாலோ, நேரில் ஆய்வு வந்தாலோ ஏழு நாள் முப்பதாகும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் பதிகிறவர்கள் பல நேரம் கடையின் மின்னஞ்சலையே போட்டுவிடுவார்கள். நோட்டீஸ் அங்கே கிடக்கும், விண்ணப்பம் இங்கே தள்ளுபடியாகும். உங்கள் மின்னஞ்சலைக் கொடுங்கள், அதைத் தினமும் பாருங்கள்.

கடை வைத்தால் உள்ளாட்சியின் தொழில் உரிமம் தனி. நாகர்கோவில் மாநகராட்சியோ, குளச்சல் நகராட்சியோ, உங்கள் பேரூராட்சியோ, இடம் எதன் எல்லையில் வருகிறதோ அங்கே கேளுங்கள். சொத்து வரி பாக்கி இருந்தால் அதை முதலில் கட்டிவிடுங்கள்.

மானியக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் மேலே சொன்ன எதற்கும் முன்னால் நாகர்கோவில் கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமப்புறத்தில் 35 சதவீதமும் நகர்ப்புறத்தில் 25 சதவீதமும் மானியம். சொந்தப் பணம் 5 சதவீதம் போட்டால் போதும். ஆனால் அது புதிய தொழிலுக்கு மட்டும். தொழில் தொடங்கிய தேதி என்று உத்யமில் ஏற்கெனவே ஒரு தேதி பதிவாகியிருந்தால் அதுவே கேள்வியாகும். எனவே கடன் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கும்போது உத்யம் எடுக்கலாம் என்பதை அங்கேயே கேட்டுக்கொண்டு பதியுங்கள்.