மலையிலிருந்து தெஹிவளைக்கு மீன் பார்க்கப் போவது எப்படி

கொழும்பில் மீன் பார்க்கத் தனியாக ஓர் இடம் தேடி அலைய வேண்டாம், தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குள்ளேயே மீன் காட்சியகம் இருக்கிறது. 1936ல் அரசாங்கம் பொறுப்பெடுத்த பழைய இடம்.

முதலில் நாளைப் பாருங்கள். போயா (பௌர்ணமி விடுமுறை), ஞாயிறு, பள்ளி விடுமுறை என்றால் சனம் நெருக்கும், தொட்டிக்கு முன்னால் சின்னப் பிள்ளைக்கு நிற்க இடம் கிடைக்காது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறை விட்டால் வேறு நாள் ஏது என்பது தெரியும், அப்படியென்றால் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை என்று இறங்கிக் கொழும்புப் புறக்கோட்டைக்குப் போகும் பஸ்தான். வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், அதனால் சாப்பாட்டை அளவாகக் கொடுத்து, கையோடு ஒரு சொப்பின் பேக்கும் ரெண்டு தோடம்பழமும் வைத்துக்கொள்ளுங்கள். அவிசாவளை தாண்டினால் வேர்க்கும், சுவெட்டரைக் கழற்றிவிடலாம்.

புறக்கோட்டையில் இறங்கி கோட்டை ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். கரையோரப் பாதையில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ரயிலில் தெஹிவளைக்கு டிக்கட் எடுத்து, வலது பக்கம் உட்காருங்கள், கடல் பக்கத்திலேயே வரும். வெள்ளவத்தைக்கு அடுத்த ஸ்டேஷன் தெஹிவளை. அங்கிருந்து த்ரீவீல், ஏறும் முன்பே காசைப் பேசிக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்காரருக்கு டிக்கட் விலை வேறு என்பதால் அடையாள அட்டையும் இருக்கட்டும்.

சரி, உள்ளே வந்தாச்சு. நேராக மீன் பக்கம் போங்கள். யானை, புலி எல்லாம் பார்த்துக் கால் ஓய்ந்த பிறகு போனால் பிள்ளை எந்தத் தொட்டி முன்னாலும் நிற்காது. போனில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், திடீர் வெளிச்சத்தில் மீன் மிரளும். கண்ணாடியைத் தட்டவே கூடாது, காற்றைவிடத் தண்ணீரில் சத்தம் நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும், நாம் லேசாகத் தட்டினால்கூட மீனின் உடம்பெல்லாம் அதிரும்.

அப்புறம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். மூன்று தொட்டி போதும், ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் நில்லுங்கள். முப்பது வருஷம் கொழுந்து பறித்த என் அம்மா ஒரு விலாங்கின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. கல் இடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. "பாவம், பசிக்குது போல" என்றார். பசியில்லை அம்மா, மூச்சு விடுகிறது, வாய் வழியாக எடுக்கும் தண்ணீர் செவுள் வழியாக வெளியே போகிறது, தண்ணீரில் கரைந்திருக்கும் ஒக்சிஜனைச் செவுள் எடுத்துக்கொள்கிறது என்று சொன்னேன். உடனே என் மகன் நெஞ்சில் கை வைத்துத் தன் மூச்சை எண்ண ஆரம்பித்தான், அம்மா விலாங்கின் மூச்சை எண்ணினார்.

பிள்ளை கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிக்கொடுங்கள்: கடல் மீன் உப்புத் தண்ணீரைக் குடித்து மிச்ச உப்பைச் செவுள் வழியாகத் தள்ளிவிடும், காசல்ரீ குளத்துத் திலாப்பியா மாதிரி நல்ல தண்ணீர் மீனோ அநேகமாகத் தண்ணீரே குடிப்பதில்லை. அதனால்தான் ரெண்டுக்கும் தனித்தனித் தொட்டி.

திரும்பும்போது வெள்ளவத்தையில் இறங்கினால் சைவக் கடைகள் நிறைய இருக்கின்றன, இடியப்பமோ தோசையோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். ரொம்ப நேரம் தாமதிக்காதீர்கள், கித்துல்கலைக்கு மேலே மழையும் மூட்டமும் சேர்ந்துவிட்டால் பஸ் ஊர்ந்துதான் ஏறும், சுவெட்டரை மேலாப்பில் எடுக்கிற மாதிரி வையுங்கள்.