‘கேஷ்’ நம்ம ‘காசு’தானா? ஒரு சொல்லின் வேரைத் தேடிப் பார்க்கலாம்

மயிலாப்பூர் மாட வீதியில் கீரை வாங்கினால் “ஜிபேயா, கேஷா?” என்று கேட்கிறார்கள். கேஷ் என்றதும் நமக்குக் காசு ஞாபகம் வரும். ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்துவதால் இரண்டும் ஒன்றேதான் என்று தோன்றும். அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

முதலில் நல்ல ஆங்கில அகராதி ஒன்றில் கேஷ் என்ற சொல்லை எடுங்கள். தலைச்சொல்லுக்குப் பக்கத்தில் 1, 2 என்று எண்கள் இருக்கும். வேர் வேறுபட்டால் தனி எண் தருவார்கள். சில அகராதிகள் பெயர்ச்சொல், வினைச்சொல்லைப் பிரிக்கவும் எண் போடும், அதனால் வேர்க்குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். அப்போது தெரியும், கேஷ் இரண்டு சொற்கள்.

அடுத்து, இன்றைய பொருளை விட்டுவிட்டு இருப்பதிலேயே பழைய பொருளைப் பாருங்கள். நான் அதிகம் நம்புவது இந்தப் படியைத்தான். கீரைக்காரர் கேட்ட கேஷுக்குப் பழைய பொருள் பணப்பெட்டி. லத்தீனில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியம், பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. பெட்டியின் பெயர் உள்ளே இருக்கும் பணத்துக்கு ஆகிவிட்டது. நம் இலக்கணம் ஆகுபெயர் என்று சொல்வது இதைத்தான். “இன்னைக்குக் கல்லா எவ்வளவு?” என்று கேட்கும்போது நாமும் பெட்டியையா கேட்கிறோம்?

சரி, காசு எங்கே போனது? அதுதான் இரண்டாவது கேஷ்: சிறு மதிப்புள்ள நாணயம். சொல் வந்த வழியைப் பாருங்கள். தமிழ்க் காசு போர்ச்சுகீசியர் வாயில் கைஷா ஆனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் கைஷா என்றுதான் பெயர்! அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மதராஸில் 80 காசு சேர்ந்தால் ‘பணம்’ என்ற ஒரு நாணயம், 42 பணம் சேர்ந்தால் ‘வராகன்’ என்ற ஒரு பொன் நாணயம். 1818இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை இதுதான் நடைமுறை. சீனாவின் துளையிட்ட செப்புக்காசுகளையும் ஆங்கிலேயர் கேஷ் என்றே அழைத்தார்கள்.

கடைசியாக, தமிழ்ப் பக்கத்தையும் சரிபாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது. அச்சுப் புத்தகம்தான் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள். குறுந்தொகை 67ஆம் பாடலையும் அங்கேயே படித்துவிடலாம். கிளி அலகில் பிடித்த வேப்பம்பழம், பொற்கொல்லர் நகத்தில் பிடித்த பொற்காசு போல இருக்கிறதாம். போர்ச்சுகீசியர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம்மிடம் இருந்த சொல் இது.

அப்புறம், இதே படிகளில் மேங்கோவைத் தேடிப் பாருங்கள். அதுவும் போர்ச்சுகீசியர் வழியாகப் போனதுதான்.