ஏர் பிரிக்கைச் சுற்றி ஈரம்: எக்ஸ்டென்ஷன் கட்டும்போது நடக்கும் தவறுகள்

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி பக்கம் நம்மவர்கள் இருக்கும் 1930களின் செமி வீடுகள் (இரண்டு இரண்டாக ஒட்டிக் கட்டியவை) பலவற்றில் கீழ்த்தளம் மரப்பலகைதான். பலகைக்கு அடியில் வெற்றிடம், அதில் காற்று ஓடச் சுவரில் ஏர் பிரிக், அதாவது துளை போட்ட செங்கல். காற்று நின்றால் பலகையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் உளுத்துவிடும், அதனால் குளிருக்குப் பயந்து துணியை அடைக்கக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வென்ட்டுக்கு மேலே ட்ரே வைக்காதது

ட்ரே என்றால் வென்ட்டுக்கு மேலே தண்ணீரைப் பிடித்து வெளியே தள்ளும் தகடு. அது இல்லாததைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். நாள் முழுக்க மழை அடித்தால் வெளிச்செங்கல் ஊறி, அதன் உள்முகத்தில் தண்ணீர் வழிந்து இறங்கும், அதற்குத்தான் வெளிச்சுவருக்கும் உள்சுவருக்கும் நடுவில் கேவிட்டி என்ற இடைவெளியே விடுகிறோம். அந்த இடைவெளிக்குக் குறுக்கே, ஏர் பிரிக்கிலிருந்து தளத்துக்கு அடியில் காற்றைக் கொண்டுபோகும் டெலஸ்கோபிக் வென்ட்டைச் செருகிவிட்டு அப்படியே செங்கல் அடுக்கிக்கொண்டே போனால், மேலிருந்து விழும் சாந்து அதன் தலையில் குவிந்து, வழியும் தண்ணீரை உள்சுவரில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

போன குளிர்காலத்தில் ஒரு புது எக்ஸ்டென்ஷனைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகைக்கு மேலே இரண்டு ஈரத் திட்டுகள், வெளியே போய்ப் பார்த்தால் சரியாக அதற்கு நேரே இரண்டு ஏர் பிரிக். எனக்கு முன் வந்தவர் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று சொல்லி, சுவரில் ஓட்டை போட்டு மருந்து ஏற்றி, பூச்சும் பூசி, காசை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். புதுச் சுவர், புது டிபிசி (தரை ஈரத்தைத் தடுக்கும் படலம்), தரை ஈரம் எந்த வழியாக அண்ணா ஏறும்? செங்கலைக் கழற்றினால் டிபிசிக்கு மேலே வரைக்கும் சாந்து. ட்ரே விலை சில பவுண்டுதான், ஆனால் கட்டிய சுவரைப் பிரித்து அதைச் செருகுவது நாள் கணக்கில் பிடிக்கும் வேலை.

ட்ரே வெளிப்பக்கத்தைவிட உள்பக்கம் 150 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஓரத்தை அடைக்கும் ஸ்டாப் எண்ட், வெளிச்சுவரில் தண்ணீர் வெளியேறக் குறைந்தது இரண்டு வீப் ஹோல். ஸ்டாப் எண்டை விட்டுவிட்டால் சேரும் தண்ணீர் ஓரத்தில் வழிந்து பழையபடி கேவிட்டிக்குள்தான் விழும்.

ஸ்லீவ் இல்லாத ஏர் பிரிக்

வெளியே ஏர் பிரிக், உள்ளே ஒரு ஓட்டை, நடுவில் இரண்டையும் இணைக்கும் ஸ்லீவ் குழாய் இல்லை. காற்று தளத்துக்கு அடியில் போகாமல் கேவிட்டிக்குள் ஏறிவிடும். பிறகு யாராவது இன்சுலேஷன் மணியை ஊதி நிரப்பினால் அந்த வழியும் அடைந்துபோகும். நேரான ஸ்லீவாக இருந்தால் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்த்து வையுங்கள்.

பின்னால் கான்கிரீட் தளம்

பழைய ஏர் பிரிக்கை மறைத்துக் கான்கிரீட் கொட்டுகிறீர்களா? அதற்கு முன், பழைய தளத்துக்கு அடியில் காற்று நிற்காமல் இருக்க, அந்த ஏர் பிரிக்கிலிருந்து 100 மி.மீ. குழாய்களைப் பதித்துப் புது வெளிச்சுவர் வரை கொண்டுபோங்கள்.

எத்தனை வேண்டும்

காற்றுத் திறப்பு சுவரில் மீட்டருக்கு 1500 சதுர மி.மீ., தளத்தில் சதுர மீட்டருக்கு 500 சதுர மி.மீ., இரண்டில் எது அதிகமோ அது. கணக்கில் எடுக்க வேண்டியது காற்று போகும் திறப்பு, ஏர் பிரிக்கின் முகத்தளவு இல்லை.

பாட்டியோ

வெளியே போடும் பாட்டியோ தளத்தின் மேல்மட்டம் டிபிசிக்குக் குறைந்தது 150 மி.மீ. கீழே இருக்க வேண்டும். பேரம் கிடையாது.