கலப்பினக் குடும்பத்துக்கு வேலூரில் வீடு தேடும்போது

இணையரில் ஒருவர் வடகிழக்கு மாநிலத்தவராகவோ வெளிநாட்டவராகவோ இருந்தால், வாடகையைக் கேட்பதற்கு முன், அந்தத் தெரு வெளியூர் முகங்களுக்கு எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1900இல் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருவதால், அதைச் சுற்றியுள்ள கடைகளில் இந்தியும் வங்காளமும் புழங்குகின்றன; ஆனால் அது வந்துபோகிறவர்களிடம் காட்டும் வியாபார இணக்கமே தவிர, அக்கம்பக்க உறவு ஆகாது. ஆகவே பாகாயம், காட்பாடி காந்தி நகர் போன்ற குடியிருப்புப் பகுதிகளை முதலில் பாருங்கள்.

வீட்டு உரிமையாளரைக் காணக் குழந்தைகளோடு இருவருமே செல்லுங்கள். தொலைபேசியில் தமிழ்க்குரலைக் கேட்டு இசைந்தவர், நேரில் கண்டதும் "சொந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டோம்" என்று மழுப்பினால், முன்பணம் கைமாறும் முன்பே உண்மை தெரிந்துவிடும். வெளிநாட்டவர் தங்குவதை உரிமையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், அதற்கு அவர் முகம் சுளிக்காமல் உடன்படுகிறாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.