சீக்கியப் பிள்ளைகளுக்கு மரபைச் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டியாலாவில் எங்கள் பகுதிக் குருத்வாராவில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு முகாம் நடக்கும். குர்முகி என்ற பஞ்சாபி எழுத்து, கீர்த்தனை, தலைப்பாகை கட்டுதல், கம்பும் வாளும் சுழற்றும் கட்கா, வரலாறு என்று காலை முழுவதும் வகுப்புகள். மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். சீக்கியக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த தமிழ்ப்பெண் நான். சின்னப் பிள்ளைகளின் எழுத்து வகுப்பும் வரலாற்று வகுப்பும் என் பொறுப்பில் இருக்கின்றன. ஆண்டுதோறும் புதிதாகச் சில இளைஞர்கள் சேவைக்கு வருகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்கள் அணி தொடக்க காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது எழுதிவைத்தால் என்ன என்று தோன்றியது. கலப்புத் திருமணம் செய்துகொண்டு வடக்கே பிள்ளை வளர்க்கும் தமிழ்த் தாய்மார்களுக்கும், பள்ளியில் குருநானக் ஜெயந்தி விழா நடத்தும் ஆசிரியர்களுக்கும்கூட இது உதவலாம்.

தலையை மூடவில்லை, செருப்போடு உள்ளே வந்துவிட்டான் என்பவற்றையெல்லாம் நான் தொடவில்லை. அவற்றை வாசலில் நிற்கும் பெரியவர்களே திருத்திவிடுவார்கள்.

பாட்டை வேறு எழுத்தில் எழுதிக் கொடுப்பது

குருநானக்கின் பாடலான ஜப்ஜி சாகிபை ஆங்கில எழுத்திலோ தமிழ் எழுத்திலோ எழுதிக் கொடுத்தால் பிள்ளை ஒரே வாரத்தில் ஒப்பித்துவிடும். பெற்றோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அந்தத் தாள் கைக்கு வந்தபின் குர்முகியைக் கற்கும் அவசரம் யாருக்கும் இருக்காது. பதினைந்து வயதில் அதே பிள்ளை எங்கள் புனித நூலான குரு கிரந்த சாகிபின் முன் நின்று ஒரு வரி வாசிக்க முடியாமல் தவிக்கும். தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நம்முடைய ஒரே ‘க’வுக்கு அங்கே நான்கு எழுத்துகள் இருக்கின்றன.

குர்முகியின் அடிப்படை எழுத்துகள் முப்பத்தைந்துதான். அதனால் அந்த வரிசைக்கே ‘பைந்தி’ என்று பெயர். அதை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர் இரண்டாம் குருவான அங்கத். அவரே பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார் என்பது மரபு. தினமும் இரண்டு எழுத்துகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடை விடுமுறையில் முடிந்துவிடும் வேலை இது. தாளைக் கொடுக்காதீர்கள்.

சிர்ஹிந்தை ரத்தக் கதையாகச் சொல்வது

இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

டிசம்பர் கடைசி வாரம் பஞ்சாபுக்குத் துக்க வாரம். பல வீடுகளில் அந்த நாட்களில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். தரையில் படுத்துக்கொள்ளும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிர்ஹிந்தில் உள்ள ஃபதேகர் சாகிப் குருத்வாராவை நோக்கிப் போகும் சாலைகளில் ஊர் ஊராக டிராக்டர்கள் வரும். வழியெங்கும் லங்கர் என்ற பொதுச் சாப்பாடு நடக்கும். பத்தாம் குருவான குரு கோவிந்த் சிங்கின் இளைய மகன்கள் ஜோராவர் சிங், ஃபதே சிங் இருவரும் பத்து வயதுகூட நிரம்பாத நிலையில் சிர்ஹிந்தில் கொல்லப்பட்டதன் நினைவு அது. அனந்த்பூரை விட்டு வெளியேறிய குடும்பம், வெள்ளம் ஓடிய சர்சா ஆற்றங்கரையில் பிரிந்துபோனது. பாட்டி மாதா குஜ்ரியும் பேரன்கள் இருவரும் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சிர்ஹிந்தின் அதிகாரி வஜீர் கானிடம் சிக்கினார்கள். மதம் மாற மறுத்த பிள்ளைகளைச் சுவர் வைத்து மூடினார்கள் என்பதை இங்கே எல்லோரும் அறிவார்கள்.

புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இந்தக் கதையைச் சொல்லத் தெர்மகோலில் செங்கல் செய்து கொண்டுவந்திருந்தார். மூன்று இரவு உட்கார்ந்து வெட்டிச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார். வகுப்பில் இருந்த இரண்டு சிறுவர்களை எழுப்பிச் சுவரோரமாக நிற்கவைத்து, கதையைச் சொல்லிக்கொண்டே கல் கல்லாக அடுக்கினார். முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது. மார்பு வரை வந்தபோது நின்றுகொண்டிருந்த சின்னவன் அழவில்லை. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தான். அவனுக்கு ஆறு வயது. நான் போய்க் கல்லைத் தள்ளிவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் அந்தக் கூடத்துக்குள் வர மறுத்துவிட்டான். வாசலில் பாட்டியின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். குருத்வாரா என்றால் பயப்பட வேண்டிய இடம் என்று ஒரு குழந்தைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். அதைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கடினம் என்பது அந்தக் குடும்பத்துக்குத்தான் தெரியும்.

அதே வகுப்பில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், “யார் இப்படிச் செய்தது?” என்று கேட்டாள். “முஸ்லிம்கள்” என்று பதில் வந்தது. மறுநாள் பள்ளி வேனில், தினமும் கூட உட்காரும் தோழியின் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று அவள் அடம்பிடித்தாளாம். அவளுடைய அம்மா என்னிடம் வந்து சொன்னபோது கண் கலங்கியிருந்தார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இந்தப் பதிலின் மீதுதான். காரணம், அது வரலாறாகவும் தவறு. சிர்ஹிந்தின் கதையைச் சரியாகச் சொன்னால் அந்தப் பெண் தன் தோழியோடு இன்னும் நெருங்கித்தான் உட்கார்ந்திருப்பாள்.

எப்படிச் சொல்வது? பாட்டியிலிருந்து தொடங்குங்கள். சிறை வைத்த இடத்தின் பெயரே தண்டா புர்ஜ், குளிர்க் கோபுரம். டிசம்பர் மாதத்துப் பஞ்சாபின் குளிரைப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை, அதில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டி இரண்டு பேரன்களையும் அணைத்துக்கொண்டு, தாத்தாவும் ஒன்பதாம் குருவுமான தேக் பகதூர் பிறர் வழிபாட்டு உரிமைக்காக 1675-இல் டெல்லியில் உயிர் கொடுத்ததைச் சொல்லியிருப்பார் என்று சொல்லுங்கள். மோத்தி ராம் மெஹ்ரா என்ற ஏழைப் பணியாள், காவலர்களைச் சரிக்கட்டி அந்தக் குளிரில் சுடச்சுடப் பால் கொண்டுபோய்க் கொடுத்ததைச் சொல்லுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது இந்தப் பாலைத்தான். அது போதும். பிள்ளைகள் தங்கள் வழியை விட மறுத்தார்கள், அதற்காகக் கொல்லப்பட்டார்கள் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். மறைக்கச் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தை நாடகமாக்க வேண்டாம் என்கிறேன்.

எட்டு வயதுக்கு மேல் மாலேர்கோட்லாவின் நவாப் ஷேர் முகமது கானைக் கொண்டுவாருங்கள். அவருக்கும் குருவுக்கும் போர்க்களப் பகை உண்டு. பழிதீர்க்க நல்ல வாய்ப்பு என்று வஜீர் கான் ஆசை காட்டியபோது, பகை தந்தையோடுதான், பால்மணம் மாறாத பிள்ளைகளோடு அல்ல என்று அந்தச் சபையிலேயே எதிர்த்துப் பேசிவிட்டு எழுந்து வெளியேறினார் என்பது வரலாற்று மரபு. அவருடைய அந்தக் குரலின் நினைவாக மாலேர்கோட்லாவில் ‘ஹா தா நாரா’ என்ற பெயரிலேயே ஒரு குருத்வாரா இருக்கிறது. 1947-இல் சுற்றுவட்டாரமெல்லாம் பற்றி எரிந்தபோது அந்த ஊரில் முஸ்லிம்கள் மீது கைவைக்கப்படவில்லை. குரு கொடுத்த ஆசி அது என்று சீக்கியர்களே சொல்வார்கள். அதே டிசம்பரில், மாச்சிவாராவில் குருவைப் பல்லக்கில் ஏற்றி, ‘எங்கள் பீர்’ (முஸ்லிம் ஞானி) என்று சொல்லி எதிரிப் படைக்கு நடுவே தூக்கிக்கொண்டு போனவர்கள் நபி கான், கனி கான் என்ற பட்டாணியச் சகோதரர்கள். பிள்ளைகளின் உடல்களைத் தகனம் செய்ய நிலம் கேட்டபோது, தங்கக் காசுகளை நெருக்கமாக நிற்கவைத்து அடுக்கி அந்த நிலத்தை வாங்கியவர் தோடர் மல் என்ற வணிகர். கெட்டவன் யார் என்ற கேள்விக்கு ஒரு பெயர்தான் பதில்: வஜீர் கான். ஒரு சமூகத்தின் பெயர் பதிலாகாது.

சபையில் நடந்த விசாரணை, காட்டிக்கொடுத்த சமையற்காரன், 1710-இல் பந்தா சிங் பகதூர் சிர்ஹிந்தை வென்றது இவையெல்லாம் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகு போதும். அந்த வயதில் நியாயம் பற்றி அவர்களே வாதாடுவார்கள்.

முடிந்தால் நேரில் அழைத்துப் போங்கள். டிசம்பர்க் கூட்டத்தில் வேண்டாம். பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு சாதாரண நாளின் காலையில் ஃபதேகர் சாகிபுக்குப் போய்த் தண்டா புர்ஜ் இருந்த இடத்தையும், தகனம் நடந்த ஜோதி சரூப் குருத்வாராவையும், அருகே தோடர் மல்லின் பழைய ஜஹாஜ் ஹவேலியையும் காட்டுங்கள். பிள்ளைகள் அங்கே கேட்கும் கேள்விகள் வகுப்பில் வராதவை.

மாறுவேடப் போட்டி

குருமார்களின் வேடத்தைப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். குருமார்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் யாரும் நடித்துக் காட்டக்கூடாது என்பது சீக்கியர்கள் நெடுங்காலமாகக் காத்துவரும் நெறி. பஞ்சுத் தாடி ஒட்டி மேடை ஏற்றிப் படமெடுத்து அனுப்புகிற பள்ளிகளுக்கு இது தெரிவதில்லை. நல்லெண்ணத்தோடு செய்கிறார்கள், பார்க்கும் சீக்கியப் பெற்றோர் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் நெளிகிறார்கள். அதே நாளில் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே வரிசையில் தரையில் உட்காரவைத்து ஒரே சாப்பாடு போடுங்கள். குருநானக்கை அதைவிட நன்றாகக் கொண்டாட முடியாது.

லங்கரில் பிள்ளைகளைச் சாப்பிட மட்டும் உட்காரவைப்பது

நான்கு வயதில் கரண்டி எடுத்துக் கொடுக்கலாம். ஏழு வயதில் ரொட்டி பரிமாறலாம். லங்கரில் ரொட்டியைத் தட்டில் போடுவதில்லை, வாங்குபவர் இரண்டு கைகளையும் ஏந்துவார், அந்தக் கைகளில் வைக்க வேண்டும். வளர்ந்த ஒருவர் தனக்கு முன் கையேந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும் பிள்ளை அந்த நொடியிலேயே நிதானமாகிவிடும். கொதிக்கும் பருப்பு வாளி மட்டும் பதின்வயதுக்குப் பிறகுதான்.

ஜூன் வெயிலில் குரு அர்ஜனின் உயிர்த்தியாக நாளையொட்டி, பாலில் தண்ணீரும் ரோஜாச் சாறும் கலந்து சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற சபீல் நடக்கும். பிள்ளைகளை அங்கே நிறுத்துங்கள். 1606-இல் கொதிக்கும் வெயிலில் வதைக்கப்பட்டவரின் நினைவில், வழிப்போக்கருக்குக் குளிர்ந்த பானம் கொடுப்பது ஏன் என்று ஒரு கோப்பை நீட்டும்போது சொன்னால் போதும்.

தலைப்பாகையை அவசரப்படுத்துவது

தைத்து வைத்த ஆயத்தத் தலைப்பாகையை மாட்டிவிட்டு “ராஜா மாதிரி இருக்கிறாய்” என்று சொல்லிவிடுகிறோம். பையன் அதைத் தொப்பியாகத்தான் எடுத்துக்கொள்வான். சிறுவர்களின் சின்னத் தலைத்துணியான பாட்கா கட்டும் வயதிலேயே அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பூனி பிடிக்கும், அதாவது தலைப்பாகைத் துணியை இழுத்து மடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுங்கள். ஐந்து மீட்டர் வரை நீளும் துணி, ஒரு முனை அப்பா கையில், மறுமுனை பிள்ளை கையில். கொஞ்சம் ஈரம் தெளித்து, இருவரும் பின்னோக்கிச் சாய்ந்து இழுக்க வேண்டும். பிள்ளை தளர்த்தினால் மடிப்பு சுருங்கும். பிறகு பாதியாக, மீண்டும் பாதியாக மடித்துக்கொண்டே இருவரும் நெருங்கி வருவார்கள். பிறகு அப்பா முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றத் தொடங்குவார். இப்படிப் பல காலை பூனி பிடித்த பையன், தனக்குத் தஸ்தார் (முழுத் தலைப்பாகை) கட்டும் நாளை அவனே கேட்டு வருவான்.

பள்ளியில் கேலி செய்தால் என்ன பதில் சொல்வது என்பதையும் அவனோடு உட்கார்ந்து முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பின்வரிசையில் உட்காரவைப்பது

வேண்டவே வேண்டாம். கட்கா கம்பும் தபேலாவும் அவர்களுக்கும் உரியவை. போர்க்களத்தில் நின்று போரிட்ட சீக்கியப் பெண் மாயி பாகோவின் கதையைப் பையன்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிசுக் கோப்பை

தவிருங்கள். யார் வேகமாக ஒப்பிக்கிறார் என்ற போட்டியில் பாட்டு தோற்றுவிடுகிறது.

வரைபடம் இல்லாமல் 1699-ஐச் சொல்வது

அந்த ஆண்டு அனந்த்பூரில் வைசாகி நாளில் பத்தாம் குரு கேட்டபோது தலை கொடுக்க எழுந்து நின்ற ஐவரின் பெயரை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். இந்தியாவின் பெரிய வரைபடத்தைத் தரையில் விரித்து, ஐந்து பிள்ளைகளின் கையில் ஆளுக்கொரு கூழாங்கல்லைக் கொடுங்கள். தயா ராம் லாகூர், தரம் தாஸ் ஹஸ்தினாபுரம், ஹிம்மத் பூரி, மோகம் சந்த் துவாரகை, சாகிப் சந்த் தெற்கே பீதர். கல்லை வைக்கும்போதே ஒருவர் தண்ணீர் சுமந்தவர், ஒருவர் முடி திருத்தியவர் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஐவரும் ஒரே கிண்ணத்தில் அமிர்தம் குடித்தது அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பதை வரைபடத்தைப் பார்த்தபடியே விளக்கலாம்.

லாகூரில் கல்லை வைக்கப் போகிற பிள்ளை, அது இந்தியாவுக்குள் இல்லையே என்று நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது 1947-ஐ இரண்டு வரியில் முடித்துவிடாதீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெரியவர் ஒருவரை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு, வகுப்பு முழுவதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.