ஆதரவா, எதிர்ப்பா? அமெரிக்க அதிபர் வேட்பாளர்களைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

போன வாரம் எங்கள் பத்திரிகை டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஓர் அட்டவணை அனுப்பினார். "அண்ணே, ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று. இடது ஓரத்தில் கருக்கலைப்பு, தன்பாலினத் திருமணம், துப்பாக்கி, மரண தண்டனை. மேலே அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் பெயர்கள். உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் பச்சையில் 'ஆதரவு' அல்லது சிவப்பில் 'எதிர்ப்பு'. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் வயிற்றைக் கலக்கியது. 2008-இல் நான் போட்ட அதே அட்டவணை. நிறம்கூட மாறவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். பெயரைத் தப்பாக எழுதுவது, கட்சி நிறத்தை மாற்றிப் போடுவது போன்றவற்றுக்கு என் உதவி தேவையில்லை, அதைப் பிழை திருத்துபவர் பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் அச்சுக்குப் போகிற தப்புகள் வேறு.

கட்சியைப் பார்த்துக் கட்டத்தை நிரப்புவது

குடியரசுக் கட்சியா, அப்படியென்றால் கருக்கலைப்புக்கு எதிர்ப்பு. ஜனநாயகக் கட்சியா, ஆதரவு. இன்றைக்குப் பெரும்பாலும் இது பொருந்திவிடும், அதுதான் ஆபத்தே. 1967-இல் கலிஃபோர்னியாவில் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்ட ஆளுநரின் பெயர் ரொனால்ட் ரீகன். 1980-இல் கட்சி வேட்பாளர் ஆவதற்கு அதே ரீகனோடு மோதிய ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்), கருக்கலைப்பு உரிமையை ஏற்றவர் என்றே அறியப்பட்டிருந்தார். துணை அதிபர் வேட்பாளர் ஆனதும் கட்சியின் நிலைக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பக்கம் ஜோ பைடன். கருக்கலைப்புக்கு மத்திய அரசின் பணம் போவதைத் தடுக்கும் 'ஹைட் திருத்தம்' 1976-இல் வந்தது. அதைப் பல பத்தாண்டுகள் ஆதரித்துவிட்டு, அதிபர் தேர்தல் களத்தில் இறங்கிய பிறகு, 2019 ஜூனில்தான் கைவிட்டார். கட்சியைப் பார்த்து நிரப்பினால் இந்த மூன்று பேர் விஷயத்திலும் ஏதோ ஒரு வருடத்தில் நீங்கள் மாட்டியிருப்பீர்கள்.

"அதிபர் தடை செய்துவிட்டார்"

2022 ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றம், கருக்கலைப்பை நாடு முழுவதும் உரிமையாக்கியிருந்த 1973-ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பை ரத்து செய்தது. அன்று வெள்ளை மாளிகையில் இருந்தவர் பைடன். 'பைடன் ஆட்சியில் கருக்கலைப்புக்குத் தடை' என்று ஒரு தலைப்பு திரையில் ஓடியதை என் கண்ணாலேயே பார்த்தேன். ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு வகையில் சரி மாதிரி இருக்கிறது, மொத்தமும் தப்பு. பைடன் அந்தத் தீர்ப்பை எதிர்த்தார். தீர்ப்பு எதையும் தடை செய்யவில்லை, முடிவை மாகாணங்களிடம் விட்டது. தீர்ப்புக்குத் துணை நின்ற நீதிபதிகளில் மூவர் ட்ரம்ப் நியமித்தவர்கள்.

இந்த விஷயங்களில் அதிபரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது தெரியாமல் வேட்பாளர் பேச்சை எடை போடவே முடியாது. அரசியல் சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அப்புறம் 38 மாகாணங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் அதிபரின் கையெழுத்துக்கு வேலையே இல்லை. 2004-இல் மகன் புஷ், திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்று அரசியல் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்றார். செனட்டிலேயே அது தேறவில்லை. ஆனால் நீதிபதி நியமனம் அவர் கையில். நிர்வாக ஆணை அவர் கையில். வெளிநாடுகளில் கருக்கலைப்பு செய்கிற, அதைப் பரிந்துரைக்கிற தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்கப் பணம் கிடையாது என்று 1984-இல் ரீகன் கொண்டுவந்த 'மெக்சிகோ சிட்டி கொள்கை'யைப் பாருங்கள். கிளின்டன் எடுத்தார், புஷ் போட்டார், ஒபாமா எடுத்தார், ட்ரம்ப் போட்டார், பைடன் எடுத்தார், 2025-இல் ட்ரம்ப் மறுபடி போட்டார். பிரசார மேடையில் இதைப் பற்றி யாரும் தொண்டை கிழியக் கத்துவதில்லை, பதவியேற்றதும் சத்தமில்லாமல் நடக்கிறது.

மூன்று கேள்விக்கு ஒரு கட்டம்

இதற்குத்தான் இவ்வளவு நேரமும் காத்திருந்தேன்.

2008 தேர்தல் சிறப்புப் பக்கம் என் பொறுப்பு. ஒபாமா கட்டத்தில் 'தன்பாலினத் திருமணம்: ஆதரவு' என்று போட்டேன். சும்மா போடவில்லை, ஆதாரம் இருந்தது. 1996-இல் இல்லினாய் மாகாண செனட்டுக்குப் போட்டியிட்டபோது ஒரு கேள்வித்தாளுக்கு அவர் தந்த பதிலில், அதைச் சட்டபூர்வமாக்குவதை ஆதரிப்பதாக இருந்தது. பெரிய புதையலை எடுத்துவிட்ட நினைப்பு எனக்கு.

இரண்டு நாளில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. அந்த ஆகஸ்ட் 16 அன்று கலிஃபோர்னியாவில் பாதிரியார் ரிக் வாரனின் தேவாலய மேடையில், திருமணம் என்பது ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணைவது என்றுதான் தான் நம்புவதாக ஒபாமா சொன்னது, தேதிக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு. ஆசிரியர் சத்தம் போடவில்லை. "திருத்தம் போடு" என்றார், அவ்வளவுதான். போட்டேன்: ஒபாமா தன்பாலினத் திருமணத்தை எதிர்க்கிறார், தவறுக்கு வருந்துகிறோம்.

அதே வாசகர் மறுபடியும் எழுதினார். இந்தத் தடவை ஒரே வரி. "அப்படியென்றால் கலிஃபோர்னியாவில் கொண்டுவரப்போகும் தடையை அவர் ஏன் எதிர்க்கிறார்?" அந்த நவம்பரில் அங்கே தன்பாலினத் திருமணத்தைத் தடை செய்யும் 'எட்டாவது முன்மொழிவு' வாக்கெடுப்புக்கு வரவிருந்தது, அதை அவர் வெளிப்படையாகவே எதிர்த்திருந்தார். என்னிடம் பதில் இல்லை. திருத்தத்துக்குத் திருத்தம் போட்டால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆதரவு என்று எழுதினாலும் தப்பு, எதிர்ப்பு என்று எழுதினாலும் தப்பு. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒற்றை வரிக் கடிதம் ஞாபகம் வந்தால் எரிச்சலாக இருக்கிறது, வாசகர் மேல் இல்லை, என் மேல்தான்.

தப்பு எங்கே என்றால், அந்தக் கட்டத்துக்குள் மூன்று கேள்விகள் நெரிசலில் நிற்கின்றன. இவர் தனிப்பட்ட முறையில் என்ன நம்புகிறார்? சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்கிறார்? அதை யார் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்? நாட்டைப் பிளக்கும் பிரச்சினையில் ஒரு வேட்பாளரின் சாமர்த்தியமே, ஒரு கேள்விக்கு இன்னொன்றின் பதிலைக் கொடுத்துவிட்டு நகர்வதில்தான் இருக்கிறது. 2008-இல் ஒபாமாவின் முதல் பதில் ஆண், பெண். இரண்டாவது பதில், தன்பாலினத் தம்பதிகளுக்கு 'சிவில் யூனியன்' என்ற பெயரில் சட்ட உரிமைகள் உண்டு, அரசியல் சட்டத் தடை கூடாது. மூன்றாவது பதில், மாகாணங்கள். தேவாலயத்தில் முதல் பதில் ஓங்கி ஒலிக்கும், இன்னொரு கூட்டத்தில் இரண்டாவது.

2012 மே 9 அன்று ஏபிசி தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவாக மாறினார் என்று எல்லோரும் எழுதினோம். (மூன்று நாள் முன்பே துணை அதிபர் பைடன் வேறொரு பேட்டியில் முந்திக்கொண்டது தனிக் கதை.) மாறியது முதல் பதில்தான். மாகாணங்கள் முடிவு செய்வது என்ற மூன்றாவது பதிலை அதே பேட்டியிலும் அவர் விடவில்லை. இன்னும் வேடிக்கை, அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராட் 2015-இல், ஒபாமா உண்மையில் முன்பே ஆதரவாகத்தான் இருந்தார், அரசியல் காரணத்துக்காக மறைத்தார் என்று எழுதினார். அப்படியானால் என் 1996 காகிதம் பொய் சொல்லவில்லை! ஆனால் அது எனக்கு ஆறுதல் இல்லை. வேட்பாளர் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று ஜோசியம் சொல்வது நம் வேலை கிடையாது. ஊரறிய எந்தக் கேள்விக்கு என்ன சொன்னார் என்று எழுதுவதுதான் வேலை.

இந்த மூன்று கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பழைய தேர்தல்களைப் பாருங்கள். 2004-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளர், கத்தோலிக்கரான ஜான் கெர்ரி, கரு உருவாகும்போதே உயிர் தொடங்குகிறது என்று நம்புவதாகச் சொன்னார். ஆனால் தன் மத நம்பிக்கையை மற்றவர்கள் மேல் சட்டமாகத் திணிக்க முடியாது என்றார். முதல் கேள்விக்கு ஒரு திசை, இரண்டாவதுக்கு நேர் எதிர்த் திசை. அதே தேர்தலில் புஷ் அரசியல் சட்டத் திருத்தம் கேட்க, அவருடைய துணை அதிபர் டிக் செனி, தன் மகள் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை அயோவா கூட்டத்தில் சொல்லி, இதை மாகாணங்களிடம் விடுவதே தன் விருப்பம் என்றார். ஒரே அணியில் இரண்டு வேறு மூன்றாவது பதில்கள். அட்டவணையில் இதை எங்கே போடுவது?

ட்ரம்ப் விஷயத்தில் பாதிப் பேர் தடுக்கி விழுவதும் இங்கேதான். 2016 அக்டோபர் விவாதத்தில், தான் நியமிக்கும் நீதிபதிகளால் ரோ தீர்ப்பு தானாகவே போய்விடும் என்றார், போனது. 2024 ஏப்ரல் 8 அன்று காணொளியில், மாகாணங்கள் முடிவு செய்யட்டும் என்றார். உடனே 'மிதவாதத்துக்குத் திரும்பினார்' என்று ஒரு கூட்டம் எழுத, 'தந்திரம்' என்று இன்னொரு கூட்டம் எழுதியது. இரண்டும் இல்லை. இரண்டாவது கேள்வி கேட்டவர்களுக்கு மூன்றாவதின் பதிலைக் கொடுத்தார், அவ்வளவே. அந்த இடத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நாடாளுமன்றம் நாடு முழுவதற்குமான தடையை நிறைவேற்றி மேசைக்கு அனுப்பினால் கையெழுத்துப் போடுவீர்களா, மாட்டீர்களா? செப்டம்பர் 10 விவாதத்தில் கமலா ஹாரிஸ் பக்கத்தில் நிற்க இதைத்தான் கேட்டார்கள், அந்த நிலையே வராது என்று நழுவினார். அக்டோபர் 1 அன்றுதான் வீட்டோ செய்வேன் என்று பதிவு போட்டார். செய்தி ஏப்ரலில் இல்லை, அக்டோபரில்.

தேதி இல்லாத மேற்கோள்

போடாதீர்கள்.

ஒரு பக்கம் வைத்துக்கொண்ட பெயரை அப்படியே மொழிபெயர்ப்பது

கருக்கலைப்பை எதிர்ப்பவர்கள் தங்களை உயிரின் பக்கம் நிற்பவர்கள் என்கிறார்கள், அதை ஏற்பவர்கள் தேர்வு உரிமையின் பக்கம் என்கிறார்கள். இரண்டும் அவரவர் தேர்ந்தெடுத்த விளம்பரப் பெயர். 'உயிர் ஆதரவாளர்கள்' என்று தமிழில் எழுதிவிட்டால் எதிரில் இருப்பவர் யாராம், கொலைகாரரா? யார் எதை எதிர்க்கிறார்கள் என்று நீட்டி எழுதுங்கள், இடம் போனால் போகட்டும். 'பழமைவாதி'யும் அப்படித்தான். அமெரிக்காவில் ஒருவர் பெருமையோடு சொல்லிக்கொள்வது நம் மொழியில் பாதி வசவாக வந்து விழுகிறது. இதற்கு எனக்கே நல்ல மாற்றுச் சொல் கிடைக்கவில்லை.

பதிலை மட்டும் எழுதிக் குரலை விட்டுவிடுவது

1988 அக்டோபர் 13, இரண்டாவது விவாதம். நெறியாளர் பெர்னார்ட் ஷா முதல் கேள்வியே இப்படிக் கேட்டார்: உங்கள் மனைவி கிட்டி பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டால், கொலைகாரனுக்கு மரண தண்டனையை ஆதரிப்பீர்களா? ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாகிஸ் மாட்டேன் என்றார். மரண தண்டனையை வாழ்நாள் முழுக்க எதிர்த்துவந்தவர், ஒரு சொல்கூட மாற்றவில்லை. கொள்கைப்படி நூற்றுக்கு நூறு. ஆனால் மனைவியைப் பற்றிக் கேட்டதும் முகம் சுளிக்கவில்லை, குரல் நடுங்கவில்லை, நிர்வாக அறிக்கை வாசிப்பது போல் புள்ளிவிவரத்துக்குப் போய்விட்டார். பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்கள் 'டுகாகிஸ் உறுதி' என்று எழுதலாம். பார்த்தவர்களுக்கு வேறு ஒன்று தெரிந்தது.

பேட்டியில் வாய் தவறியது

2016 மார்ச் 30 அன்று, கருக்கலைப்பு தடை செய்யப்பட்டால் அதைச் செய்துகொள்ளும் பெண்ணுக்கு ஏதாவது தண்டனை இருந்தாக வேண்டும் என்றார் ட்ரம்ப். சில மணி நேரத்தில், மருத்துவருக்குத்தான், பெண்ணுக்கு இல்லை என்று அறிக்கை வந்தது. இரண்டையும் எழுதுங்கள், நேரத்தோடு.

ஓட்டு வேட்பாளருக்கா, கருத்துக்கா?

2008 நவம்பர் 4 அன்று கலிஃபோர்னியாவில் ஒபாமாவுக்கு 61%. அதே நாள், அதே சாவடிகளில், அவர் எதிர்த்த எட்டாவது முன்மொழிவு 52% பெற்று நிறைவேறியது. 2024-இல் மிசௌரியில் ட்ரம்ப் பெரிய வித்தியாசத்தில் வென்றார், அதே வாக்காளர்கள் கருக்கலைப்பு உரிமையை மாகாண அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். ஃப்ளோரிடாவில் அதே மாதிரியான திருத்தத்துக்கு 57% கிடைத்தும் தோற்றது, ஏனென்றால் அங்கே 60% வேண்டும். 'ஃப்ளோரிடா மக்கள் நிராகரித்தனர்' என்று எழுதினால் பாதிக்கு மேற்பட்ட மக்களைக் காணாமல் ஆக்குகிறீர்கள்.

2004-ஐப் பற்றி இன்னும் ஒரு கதை சுற்றுகிறது, தன்பாலினத் திருமணத் தடை வாக்கெடுப்புகள்தான் புஷ்ஷை ஜெயிக்க வைத்தன என்று. தேர்தல் முடிவைத் தீர்மானித்த ஓஹையோவில் வித்தியாசம் சுமார் 1,18,000 ஓட்டு, அங்கே அந்த வாக்கெடுப்பும் இருந்தது, உண்மைதான். ஆனால் அன்று அப்படி 11 மாகாணங்களில் நடந்தது, பதினொன்றிலும் தடை நிறைவேறியது, அவற்றில் மிச்சிகனையும் ஆரிகனையும் ஜெயித்தவர் கெர்ரி. வாக்குச்சாவடி வாசல் கணிப்பில், தங்களுக்கு மிக முக்கியமான விஷயம் எது என்ற கேள்விக்கு 22% பேர் 'நெறி சார்ந்த விழுமியங்கள்' என்று டிக் அடித்ததை வைத்து நானும் அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அவர்களில் எத்தனை பேர் என்ன அர்த்தம் வைத்திருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தம்பிக்கு அட்டவணையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஒரு பிரச்சினைக்கு மூன்று வரிசை வைக்கச் சொன்னேன். "பக்கத்துல அடங்காதுண்ணே" என்கிறார். அப்படியென்றால் துப்பாக்கியைத் தூக்கிவிடச் சொல்லியிருக்கிறேன், அதை அடுத்த வாரம் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.